பொண்ணு எந்த லீக்கை நம்பி ஆடுவது? ஒரு கணக்கெழுதுபவனின் ஒப்பீடு

2025 நவம்பர் 2 இரவு நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று நம் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அடுத்த ஞாயிறு காலை வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்து ஓரத்தில் மூன்று அம்மாக்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சர்மா நகரில் இட்லிக் கடை போடும் அக்காதான் முதலில் ஆரம்பித்தார்: "அண்ணா, இவள ஃபுட்பாலை விட்டுட்டு கிரிக்கெட்ல போட்டுடலாமா? டிவில கோடி கோடியா சொல்றாங்களே."

"இவள்" என்றது அவருடைய 13 வயது மகளை. ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டம் ஆடுகிறாள். பூட்ஸின் சோல் வாய் பிளந்துவிட்டதால் சைக்கிள் ட்யூப்பை வளையமாக வெட்டி முனையில் மாட்டியிருந்தாள். அம்மா பேசுவது காதில் விழாதது மாதிரி அந்த வளையத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

நான் கோச் இல்லை. வார நாட்களில் பெரம்பூர் பக்கம் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறேன். ஞாயிறன்று இந்தப் பெண்கள் அணியின் வரவு செலவு நோட்டும் என் கையில்தான். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே பதில் சொல்கிறேன்: எந்த லீக்கில் பணம் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் யார் தாங்குவார், நம் வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு வந்து சேரும். ஆட்டத்தின் அழகைப் பற்றி வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

## முதலில் கேட்க வேண்டியவை

ஏலச்சீட்டில் சேருவதற்கு முன் என்ன விசாரிப்போம்? சீட்டுத் தொகை எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்பார்கள். அனுபவப்பட்டவர்கள், சீட்டுப் பிடிப்பவருக்குச் சொந்த வீடு இருக்கிறதா, நாலு பேர் கட்டாமல் போனால் அவர் கையிலிருந்து போட்டு நடத்துவாரா என்று கேட்பார்கள். லீக்கையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்:

1. நஷ்டம் வந்தால் யார் தாங்குகிறார்? விட்டுவிட்டு ஓடாமல் இருக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?
2. டிவி உரிமைப் பணம் எவ்வளவு, எந்த ஆண்டு வரை எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது?
3. மொத்தம் எத்தனை பெண்களுக்கு இடம்?
4. ஆண்டுக்கு எத்தனை மாதம் சம்பளம் கையில் வரும்?
5. முட்டி போய்விட்டால், அல்லது 28 வயதில் விட்டுவிட்டால், கையில் என்ன மிஞ்சும்?

இவற்றில் முதல் கேள்விக்குத்தான் பாதி மார்க். காரணம் இருக்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் அணி ஆடியதைப் பார்க்க சுமார் 53,000 பேர் வந்தார்கள். கூட்டம் இருந்தது, ஆட்டம் இருந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்றது. தடை ஏறத்தாழ 50 ஆண்டு நீடித்தது. மைதானம் யார் கையில், கல்லாப்பெட்டி யார் கையில் என்பதை வைத்தே எல்லாம் ஓடுகிறது.

அமெரிக்காவில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பெண்கள் கால்பந்துக்கு அங்கே 2001இல் ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். 10 கோடி டாலர் அளவுக்குக் கரைத்துவிட்டு 2003இல் மூடினார்கள். 2009இல் இன்னொன்று வந்து, மூன்று சீசன் ஆடி, 2012இல் போய்விட்டது. 2013இல் வந்த மூன்றாவது லீக்தான் நின்றது. அதற்கு ஆரம்பத்தில் ஜாமீன் நின்றவை கால்பந்துச் சங்கங்கள். தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அவையே கொடுத்தன. இன்று அந்த லீக்கில் கன்சாஸ் சிட்டி அணிக்கு 11,500 இருக்கைகளோடு சொந்த மைதானமே இருக்கிறது. தொழில்முறைப் பெண்கள் அணிக்காகவே கட்டி 2024இல் திறந்தது.

பெண்கள் கூடைப்பந்தின் டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் ஆடத் தொடங்கியது. பின்னால் ஆண்களின் என்.பி.ஏ. இருந்தது. சராசரியாக ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அதன் தலைவர் 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் மூடவில்லை. 2024இல் 11 ஆண்டுக்கு 220 கோடி டாலர் அளவுக்கு டிவி ஒப்பந்தம் கிடைத்தது. நடுவில் போன 27 ஆண்டுகளை யாரோ தாங்கியிருக்கிறார்கள். அந்த லீக்கின் முதல் நான்கு கோப்பைகளையும் வென்ற ஹூஸ்டன் அணி 2008இல் கலைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயிப்பது வேறு, பிழைப்பது வேறு.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

## கிரிக்கெட்: பணம் உண்டு, இடம் குறைவு

பெண்கள் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகளும் 2023 ஜனவரியில் மொத்தம் 4,669.99 கோடிக்கு விற்பனையாயின. அகமதாபாத் 1,289 கோடி, மும்பை 912.99 கோடி, பெங்களூரு 901 கோடி, டெல்லி 810 கோடி, லக்னோ 757 கோடி. டிவி, இணைய உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டுக்கு 951 கோடி. ஒரு மேட்சுக்கு 7.09 கோடி.

இந்த எண்களை எல்லோரும் பேசினார்கள். பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தவர்கள் குறைவு. அணி உரிமை பத்து ஆண்டுக்கு. ஆக முதலாளிகள் ஐந்து பேரும் சேர்ந்து கிரிக்கெட் வாரியத்துக்குக் கொடுப்பது ஆண்டுக்குச் சராசரி 467 கோடி. டிவி பணம் ஆண்டுக்கு 190 கோடி. அதை முழுசாக ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரு அணிக்கு 38 கோடிதான் வரும். அகமதாபாத்காரர் உரிமைத் தொகையாக மட்டும் சராசரி 129 கோடி கட்ட வேண்டும். அதற்கு மேல் வீராங்கனைகள் சம்பளம். 2025 சீசனில் ஒரு அணிக்கு 15 கோடி வரை. பயணம், ஓட்டல், பயிற்சியாளர்கள் எல்லாம் தனி.

அப்படியானால் அணி முதலாளிகள் கையிலிருந்து போடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஸ்பான்சர் பணம் கொஞ்சம் நிரப்பும். இந்த இடைவெளியை அது மூடிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஏன் போடுகிறார்கள்? நாளைக்கு அணியின் மதிப்பு ஏறும் என்ற கணக்கு. மனை வாங்கிப் போடுகிற மாதிரி. ஐந்தில் மூன்று பேருக்கு ஐ.பி.எல். அணியும் இருப்பதால், ஒரே அலுவலகம், ஒரே ஸ்பான்சர் பேச்சுவார்த்தை என்று செலவும் சுருங்கும்.

முதல் கேள்விக்குக் கிரிக்கெட்டைப் போலப் பலமான பதில் இந்தியாவில் வேறு எந்தப் பெண்கள் லீக்கிடமும் இல்லை. கிரிக்கெட் வாரியத்துக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பிலிருந்து மட்டும் 2023–27க்கு 48,390 கோடி. பெண்கள் லீக்கின் 951 கோடி அதில் இரண்டு சதவீதம். பெரிய அண்ணன் பாக்கெட்டில் இருக்கும் சில்லறையில் தங்கைக்குப் படிப்புச் செலவு நடப்பது போலத்தான். நீடிக்கும். ஆனால் 2027இல் அடுத்த ஒளிபரப்பு ஏலம் வரும்போது கிடைக்கும் தொகையைப் பார்த்தால்தான் லீக் சொந்தக் காலில் நிற்குமா என்று தெரியும். இன்று 13 வயதில் இருக்கிற பெண் அவசரப்படத் தேவையில்லை. அந்த ஏலம் வரும்போதும் அவள் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல். ஐந்து அணி, அணிக்கு அதிகபட்சம் 18 பேர், அதில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர். அந்த இடங்கள் நிரம்பினால் இந்தியப் பெண்களுக்கு மிஞ்சுவது 60. நாடு முழுவதற்கும் 60! தமிழ்நாட்டின் கமலினியை 16 வயதில், 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 1.6 கோடிக்கு மும்பை எடுத்தது 2024 டிசம்பரில். செய்தி உண்மை, சந்தோஷமும் உண்மை. ஆனால் அந்த ஏலத்தில் பெயர் கொடுத்து விலை போகாமல் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி டிவியில் சொல்லமாட்டார்கள்.

நடுப்படி ஒன்று உண்டு, அதைப் பலர் பார்ப்பதில்லை. மாநில அணிக்கு ஆடினால் வரும் சம்பளம். 2025 டிசம்பரில் உள்நாட்டுச் சீனியர் பெண்கள் ஒருநாள் போட்டியில் ஆடும் 11 பேருக்கு நாளொன்றுக்கு 20,000லிருந்து 50,000 ஆக உயர்த்தினார்கள். கிரிக்கெட்டை நம்பும் குடும்பம் கண் வைக்க வேண்டியது இந்தப் படியில்தான். இதிலும் சிக்கல் அதேதான்: தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு அணி.

மறைந்திருக்கும் செலவு. பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தால் கால்பந்து ஆடலாம். கிரிக்கெட்டில் பேட், காலில் கட்டும் பேட்ஸ், கிளவுஸ், ஹெல்மெட். பிள்ளை வளர வளர பேட் அளவும் மாறும். லெதர் பால் ஆடுகிற ஆளுக்கு நல்ல இங்கிலீஷ் வில்லோ பேட் ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டும். அகாடமி மாதக் கட்டணம் தனி. சரியான நெட்ஸ், அதாவது வலை கட்டிய பயிற்சி இட வசதி பெரும்பாலும் அண்ணா சாலைக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கிறது. வியாசர்பாடியிலிருந்து சாயந்திரம் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்ப வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும். அந்த ஒருவர் இட்லிக்கு மாவாட்ட வேண்டியவர். இந்தச் செலவை எந்த நோட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

யாருக்குச் சரி: 12 வயதுக்குள், ஏற்கெனவே பேட்டைப் பிடித்துவிட்ட பெண், ஐந்தாறு ஆண்டு வருமானம் பார்க்காமல் செலவு செய்யக்கூடிய வீடு, கூடப் போய்வர ஒரு ஆள்.

## கால்பந்து: இடம் உண்டு, ஜாமீன்தாரர் தள்ளாடுகிறார்

எங்கள் பக்கத்துக்கு இது சொந்த ஆட்டம். வியாசர்பாடியைச் சின்ன பிரேசில் என்று சொல்வது பழைய பேச்சு. கன்னிகாபுரம் மைதானத்தில் சாயந்திரம் போய் நின்றால் புரியும். அதனால் மனசு இந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தியப் பெண்கள் லீக் 2016–17இல் தொடங்கியது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நடத்துகிறது. முதல் சில ஆண்டுகள் ஒரே ஊரில் எல்லா அணியையும் கூட்டி, சில வாரங்களில் முடித்து அனுப்பிவிடுவார்கள். திருவிழாக் கடை மாதிரி. 2023–24இல்தான் சொந்த ஊர், எதிர் ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. 2024–25இல் எட்டு அணிகள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நமக்குப் பெருமை 2019. மதுரையின் சேது எஃப்.சி. அந்த ஆண்டு சாம்பியன். தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் வென்றிருக்கிறார்கள். ஆக திறமைக்குக் குறைவில்லை.

பணம்? 2023இல் சம்மேளனம் ஒன்றை அறிவித்தது: மேல்நிலை லீக்கின் எட்டுக் கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சமாவது ஒப்பந்தச் சம்பளம் தர வேண்டும். நல்ல முடிவு. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 26,700. ஒரு எண்பது பெண்களுக்காவது இந்தத் தரை மட்டம். கிரிக்கெட்டின் அறுபதைவிட அதிகம், ஆனால் கோடிகள் இல்லை.

இனி ஜாமீன். கிரிக்கெட் வாரியத்தைப் போலச் சம்மேளனத்துக்குச் சொந்தக் கல்லாப்பெட்டி கிடையாது. 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் தரப்போடு 15 ஆண்டுக்கு 700 கோடி அளவில் வணிக உரிமை ஒப்பந்தம் போட்டார்கள். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 50 கோடி வந்துகொண்டிருந்தது. அது 2025 டிசம்பரோடு முடிந்தது. புதுப்பிப்பு இழுபறியானதால் ஆண்களின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்லே 2025 ஜூலையில் தள்ளிவைக்கப்பட்டது. சீட்டுப் பிடிப்பவர் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு நடக்கலாம். ஆனால் நாம் மாதாமாதம் போய் விசாரிக்க வேண்டியிருக்கும்.

ஆண்கள் கிளப்பின் நிழலில் இருப்பது எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் ரெடிங் கிளப் பணச்சிக்கலில் மாட்டியபோது, இரண்டாம் மட்டத்தில் ஆடிய அதன் பெண்கள் அணி 2024இல் ஐந்தாம் மட்டத்துக்கு இறங்கியது. வீட்டில் பணக் கஷ்டம் வந்தால் முதலில் யார் படிப்பு நிற்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு. முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார்தான் எல்லாக் கால்பந்துப் பெண்களின் பயமும். அறுந்தால் அறுவை சிகிச்சை, அப்புறம் ஒன்பது மாதமாவது ஓட்டம் கிடையாது. அடிமட்டத்து அணிகளில் காப்பீடு என்ற பேச்சே அபூர்வம். தினமும் இரண்டு முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை. சின்னச் செலவுதான், ஆனால் 365 நாள்.

ஸ்பான்சர் விஷயத்தில் எனக்கே அடிபட்ட அனுபவம் உண்டு. ஒரு நிறுவனம் ஜெர்சியில் தன் பெயரை அடிக்கச் சொன்னது. பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது. அச்சுக்கூலி எங்கள் நோட்டில் செலவாக ஏறியது. வரவுப் பக்கம் இன்றுவரை காலி. அந்த ஜெர்சியைத்தான் இன்னும் போட்டு ஆடுகிறார்கள், பெயர் பாதி உரிந்துவிட்டது. பெரிய இடத்திலும் இப்படி நடக்கும். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குத் தடைச் சட்டம் வந்த சில நாளிலேயே இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 காணாமல் போனது. அவர்களுக்குச் சில வாரத்திலேயே வேறு ஸ்பான்சர் கிடைத்தார். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் அணிக்கு இதுவரை தவறாமல் கொடுத்த ஒரே ஸ்பான்சர் மாநகரப் பேருந்துதான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது. அதிலிருந்து நேரு ஸ்டேடியம் பக்கம் மேட்ச் என்றால் பயணச் செலவுப் பத்தியில் கோச்சின் டிக்கெட்டை மட்டும் எழுதுகிறேன். பந்துக்குக் காசு மிஞ்சியது அதனால்தான்.

யாருக்குச் சரி: ஏற்கெனவே கால்பந்தில் இருக்கும் பெண், மைதானம் நடக்கும் தூரத்தில், கூடவே ஒரு வேலைக்குக் குறி வைக்கத் தயாராக இருக்கும் வீடு. லீக்கை மட்டும் நம்பி என்றால், வேண்டாம்.

## ஹாக்கியும் கபடியும்: சுருக்கமாக

பெண்கள் ஹாக்கி இந்தியா லீக் 2025 ஜனவரியில் முதன்முறை நடந்தது. நான்கு அணி, எல்லா மேட்சும் ராஞ்சியில், ஜனவரி 12 முதல் 26 வரை. அணிக்கு வீராங்கனைகளுக்கான தொகை 2 கோடி. ஆண்களுக்கு 4 கோடி. அதிக விலை உதிதாவுக்கு, 32 லட்சம். இரண்டு வாரத்துக்கு அது நல்ல பணம். ஆனால் மீதி ஐம்பது வாரம் என்ன செய்வது? இதே லீக்கின் ஆண்கள் பதிப்பு 2017க்குப் பிறகு ஏழு ஆண்டுக்கு மேல் நின்றுபோயிருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்குப் போய்வர முடிகிற பெண்ணுக்கு ஹாக்கி நல்ல ஆட்டம்தான். லீக்கைப் போனஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

கபடியில் 2016இல் புரோ கபடிக்கு நடுவே மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கான போட்டி ஒன்றை நடத்தினார்கள். ஸ்டார்ம் குயின்ஸ் இறுதிப் போட்டியில் ஒரே புள்ளியில் ஜெயித்தது. அத்தோடு சரி, அடுத்த சீசன் இல்லை. தங்கப் பதக்கம் கொண்டுவரும் ஆட்டத்திலேயே கதை இப்படி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம். சென்னை சூப்பர் கிங்ஸ், சென்னையின் எஃப்.சி., தமிழ் தலைவாஸ், தமிழ்நாடு டிராகன்ஸ், சென்னை பிளிட்ஸ். இத்தனை அணியும் ஆண்கள் அணி. பெண்கள் பிரீமியர் லீக்கில் சென்னைக்கு அணியே கிடையாது.

## நான்காவது வழி: வேலை வாங்கிக்கொண்டு ஆடுவது

இதை லீக் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விளையாட்டை நம்பி இந்த ஊரில் குடும்பம் நடத்தும் பெண்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் இந்த வழியில் வந்தவர்கள். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, தமிழ்நாடு காவல்துறை, சுங்கத்துறை, வருமானவரித்துறை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ரயில்வேயில் விளையாட்டு கோட்டாவில் சேர்ந்தால், கடைசிப் படியான லெவல் 1க்கு அடிப்படைச் சம்பளம் 18,000. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 10,440. சென்னையில் வீட்டு வாடகைப் படி 30 சதவீதம், 5,400. மொத்தம் 33,840. பிடித்தம் போகக் குறையும், ஆனால் கால்பந்து லீக்கின் அறிவித்த தரை மட்டமான 26,700க்கு மேலேயே நிற்கும். பன்னிரண்டு மாதமும் வரும். முட்டி போனாலும் வரும். ரயில்வே ஆஸ்பத்திரி பெரம்பூரிலேயே இருக்கிறது. பத்தாவது பாஸ் என்றால் லெவல் 1. பன்னிரண்டாவது முடித்தால் லெவல் 2, 3. டிகிரி இருந்தால் லெவல் 4, 5. அதனால்தான் ஸ்கூலை விட்டுவிட்டு முழுநேரம் ஆடட்டும் என்று யார் சொன்னாலும் நான் சண்டை போடுகிறேன். ஆட்டத்தில் அதற்கேற்ற சாதனையும் இருந்தால், படிப்புச் சான்றிதழ் ஒன்றுக்குச் சம்பளம் இரண்டு படி வரை ஏறும்.

இங்கேயும் மறைவான செலவு இருக்கிறது. வேலை அறிவிப்பில் எந்த ஆட்டம், ஆணா பெண்ணா, எத்தனை இடம் என்று இருக்கும். நம் ஆட்டத்தின் பெயரே இல்லாத ஆண்டும் வரும். வயது 18 முதல் 25 வரை. ஏழு ஆண்டு ஜன்னல்தான். அதற்குள் மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் சரியான படிவத்தில், சரியான கையெழுத்தோடு கையில் இருக்க வேண்டும். ஆடியது உண்மை, சான்றிதழில் பெயர் தப்பு என்றால் ஆடாத மாதிரிதான். வேலை கிடைத்த பிறகு வெளிக் கிளப்புக்கு ஆட வேண்டுமானால் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். விட்டுக்கொடுக்காத அதிகாரி வாய்த்தால் ஒரு சீசன் போய்விடும். சில பெண்கள் வேலை கிடைத்ததும் சோர்ந்து, ஆட்டத்தையே மெதுவாக மறந்துபோவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இரண்டையும் சேர்த்து நடத்தியவர்கள் இருக்கிறார்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். இந்திய அணிக்கும் ஆடினார், லீக்கிலும் ஆடினார். லீக் தள்ளிப்போனால் அடுப்பு அணையாது என்ற தைரியம் இருக்கும்போது ஆட்டமும் வேறு மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | கிரிக்கெட் | கால்பந்து | ஹாக்கி | வேலையோடு ஆட்டம் |
|---|---|---|---|---|
| நஷ்டம் தாங்குபவர் | வாரியம், பெரிய முதலாளிகள் | சம்மேளனம், கிளப்புகள். இப்போது தள்ளாட்டம் | ஹாக்கி இந்தியா, அணி உரிமையாளர்கள் | அரசு |
| உறுதியான காலம் | ஒளிபரப்பு 2027 வரை | பழைய ஒப்பந்தம் 2025இல் முடிந்தது | சீசனுக்குச் சீசன் | ஓய்வு பெறும் வரை |
| இந்தியப் பெண்களுக்கு இடம் | சுமார் 60 | ஒப்பந்தச் சம்பளத்தில் 80 அளவு | நான்கே அணி | ஆண்டுக்கு ஆண்டு மாறும் |
| சம்பளம் | 10 லட்சம் முதல் கோடிகள் வரை | அறிவித்த தரை மட்டம் ஆண்டுக்கு 3.2 லட்சம் | இரண்டு வாரத்துக்கு, லட்சங்களில் | மாதம் 33,840இலிருந்து (2025 ஜூலை கணக்கு) |
| வீட்டுக்கு ஆரம்பச் செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | படிப்பும் சான்றிதழும் |
| முட்டி போனால் | மாநில அணி இடமும் போகும் | கையில் எதுவும் மிஞ்சாது | கையில் எதுவும் மிஞ்சாது | வேலை இருக்கும் |

## மூன்று அம்மாக்களுக்கும் நான் சொன்னது

இட்லிக் கடை அக்காவிடம் ஆட்டத்தை மாற்ற வேண்டாம் என்றேன். 13 வயதில் ரைட் பேக்காக நிலைத்துவிட்ட பெண்ணைக் கிரிக்கெட்டில் போட்டால், எட்டு வயதிலிருந்து நெட்ஸில் நிற்பவர்களோடு அவள் முதல் படியிலிருந்து போட்டி போட வேண்டும். 60 இடத்துக்கு அந்த ஓட்டம் கட்டுப்படியாகாது. கால்பந்திலேயே இருக்கட்டும், மாநில அணிச் சான்றிதழ், பன்னிரண்டாவது, 18 வயதில் கோட்டா விண்ணப்பம். லீக் கூப்பிட்டால் போகட்டும், அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் தனியாக வைக்கட்டும்.

இரண்டாவது அம்மாவின் மகளுக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் நிலையான சம்பளம், பாட்டி கூடப் போய்வர முடியும், தெருவில் டென்னிஸ் பால் ஆட்டத்தில் பையன்களை அவுட்டாக்குகிறாள். அவரிடம், கிரிக்கெட்டில் சேருங்கள், ஆனால் 15 வயதில் மாநில ஜூனியர் தேர்வில் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி யோசியுங்கள் என்றேன். கெடு வைக்காத முதலீடு கடனாகத்தான் முடியும்.

மூன்றாவது வீட்டில் பெண்ணுக்கு வயது 20, முட்டியில் ஏற்கெனவே ஒரு முறை அடி. அங்கே லீக் பற்றி நான் பேச்சையே எடுக்கவில்லை. எந்த அறிவிப்பு வந்திருக்கிறது, கையில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று மட்டும் பார்த்தோம்.

கேரம் போர்டில் உலகம் வென்ற இளவழகி இதே வியாசர்பாடி. 2024இல் அதே கேரமில் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை. அவர்களுக்கு லீக் எதுவும் இல்லை என்று ஒரு அம்மா சொன்னார். உண்மைதான். அதற்கு என் நோட்டில் பத்தி இல்லை.

இட்லிக் கடை அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்கூல் கார்டு. மூன்றிலும் பெயர் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இனிஷியலே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வியாபாரம் முடிந்ததும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு இருவரும் போவது என்று முடிவு செய்தோம்.